அந்த அப்பாவுக்கு ஒரு சொல்லு: இப்ப ஒபிஸ் போடாதேங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட கடிதப் பக்கத்தில கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு அப்பா எழுதியிருந்தார். மகள் சட்டக் கல்லூரி முடிச்சு, ஆறு மாசம் அப்றென்டிஸும் செய்து, உயர் நீதிமன்றத்தில சத்தியப்பிரமாணமும் எடுத்திட்டாவாம், இனி அவவுக்கு டாம் வீதிப் பக்கம் ஒரு றூம் எடுத்து, ஏசி பூட்டி, கண்ணாடி மேசை போட்டு, பெயர்ப் பலகையும் அடிச்சுக் குடுத்திட்டா பிள்ளை தன்ர பாட்டில பிழைச்சுக்கொள்ளும்தானே, அதுக்கு சேமலாப நிதிக் காசை எடுக்கப் போறன், மனிசி மட்டும் வேண்டாமெண்டு நிக்கிறா, வாசகர்கள் என்ன சொல்லுறியள் எண்டு கேட்டிருந்தார்.

வாசிச்சிட்டு ரெண்டு நாள் பேசாம இருந்தனான். பேந்து மனம் கேக்கேல்ல. ஐயா, மனிசி சொல்லுறதைக் கேளுங்கோ. றூம் இப்ப வேண்டாம்.

நானும் உங்கட மகள் மாதிரித்தான். 95 இடப்பெயர்வுக்குப் பிறகு 96ல அம்மாவோட கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில ஒரு அனெக்ஸில இருந்து படிச்சு, 2009ல சத்தியப்பிரமாணம் எடுத்தனான். அதுக்குப் பிறகு நாலு வருசம் ஒரு சீனியரிட்ட ஜூனியரா நிண்டனான், 2013லதான் தனிய வெளிக்கிட்டனான். அந்த நாலு வருசமும் காசு எண்டு சொல்ல ஒண்டும் இல்லை, பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் காணும், சில மாசம் அதுக்கும் காணாது. சீனியர்மார் ஜூனியர்மாரை நடத்துற விதம் பற்றி எழுதிறதெண்டா அதுக்கு வேற கடிதம் வேணும், அதை இப்ப விடுவம். ஆனா அந்த நாலு வருசத்தில நான் பழகினதுகளை எந்த றூமும் எனக்குத் தந்திருக்காது. எந்தக் கோட்டில எந்த கிளாக்கைப் பிடிச்சா றெக்கோட் றூமில இருந்து ஃபைல் வெளியில வரும், கேஸைக் கோல் பண்ணுற (கூப்பிடுற) நேரத்தில எங்க நிக்க வேணும், எப்ப வாய் திறக்க வேணும், எப்ப மூட வேணும், சீனியர் ஒரு சாட்சியை ஏன் அந்த இடத்தில கேள்வி கேக்காம விட்டவர் எண்டதெல்லாம் புத்தகத்தில இல்லை. உங்கட மகளுக்கு ஒரு நல்ல சீனியர் கிடைச்சா இன்னும் ரெண்டு மூண்டு வருசம் நிக்கட்டும். அந்தக் காலத்துக்கு அவவிட பஸ் காசையும் போன் காசையும் நீங்கள் குடுங்கோ, றூம் வாடகையை விட அது கனக்கக் குறைவுதான்.

தனிய வெளிக்கிடேக்க நான் றூம் எடுக்கேல்ல. கோட்டுகள் இருக்கிற புதுக்கடையில ஏற்கனவே ரெண்டு பேர் பாவிச்ச ஒரு சின்ன அறையில மூண்டாவது மேசையா போய்க் குந்தினனான். வாடகை மூண்டில ஒரு பங்கு, கிளாக்கும் மூண்டு பேருக்கும் ஒருவர்தான், பிரின்டரும் ஒண்டுதான், அதுவும் மழைக்குப் பேப்பரை இழுத்துச் சிக்க வைக்கும். இப்படிப் பங்கு போட்டு இருக்கிறதில காசை விட முக்கியமான ஒரு விசயம் இருக்கு, அது பொம்பிளைப் பிள்ளை வைச்சிருக்கிற அப்பாமாருக்கு விளங்கோணும். விவாகரத்துக் கேஸிலயும் காணிச் சண்டையிலயும் பின்னேரம் ஆறு மணிக்கு கோபத்தோட வாற ஆக்களை ஒரு பிள்ளை தனி அறையில தனிய இருந்து சந்திக்கிறது நல்லதில்லை. பக்கத்து மேசையில ஆள் இருந்தா, தொண்டையை ஒருக்காச் செருமினாலே காணும்.

முதல் வருசம் என்ன கேஸ் வந்தது எண்டு கேட்டா சிரிப்பியள். முக்கால்வாசி சத்தியக் கடதாசி. எங்கட சனத்துக்கு பெயர் ஒவ்வொரு கடதாசியிலயும் ஒவ்வொரு மாதிரித்தானே இருக்கும், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில ஒரு எழுத்து, அடையாள அட்டையில வேற, பாஸ்போட்டில தகப்பன்ர பெயர் முன்னுக்கு வந்து நிக்கும், வெளிநாட்டு விசாக்காரன் இது ரெண்டும் ஒரு ஆள்தானோ எண்டு கேப்பான். அந்தச் சத்தியக் கடதாசியால எனக்குப் பெரிசா ஒண்டும் கிடைக்கேல்ல, ஆனா அண்டைக்குப் பெயர் திருத்த வந்த பெடியன்ர அம்மா ரெண்டு வருசம் கழிச்சு தன்ர காணிப் பிரச்சினையோட வந்தவ, அவவிட தங்கச்சி பேந்து வந்தவ. வாய்க்கு வாய் கதைச்சுத்தான் ஆக்கள் வருவினம். கண்ணாடி மேசையைப் பாத்து ஆரும் படியேறி வந்து நான் காணேல்ல.

இன்னொண்டு. பழைய ஆக்கள் இப்பவும் அப்புக்காத்து எண்டுதான் சொல்லுவினம். அந்தக் காலத்தில அப்புக்காத்து வேற, பிறக்கிறாசி வேற, ஒருத்தர் கோட்டில எழும்பி வாதாடுவார், மற்றவர் கட்சிக்காரரைச் சந்திச்சு கடதாசி வேலை முழுக்கப் பாப்பார். 1973ஆம் ஆண்டு நீதி நிர்வாகச் சட்டம் வந்து 1974ல இருந்து ரெண்டு பேரையும் சட்டத்தரணி எண்ட ஒரே பெயருக்குள்ள கொண்டுவந்திட்டுது. பெரிய கேஸுகளில இப்பவும் பதிவுச் சட்டத்தரணி ஒருத்தர், வாதாடுறவர் வேற ஒருத்தர் எண்டு பிரிச்சுத்தான் வேலை நடக்குது, ஆனா தனிய தொழில் செய்யிற ஆளுக்கு பிறக்கிறாசியும் அவதான், அப்புக்காத்தும் அவதான், கிளாக் வராத நாளில கிளாக்கும் அவதான், தேத்தண்ணி போடுறதும் அவதான். சட்டக் கல்லூரியில வாதாடுறதைப் பற்றி ஒரு கனவோட வாற பிள்ளையளுக்கு இந்தக் கடதாசிப் பக்கம் வெறுத்துப் போகும். வெறுக்கப் போறாவோ இல்லையோ எண்டதை வாடகை ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க முதல் கண்டுபிடிக்கிறது நல்லம்.

சரி, இனி நான் உண்மையில சொல்ல வந்த விசயம்.

கொழும்புக் கோட்டுகளில வேலை நடக்கிறது சிங்களத்தில. அரசியலமைப்பின்ர 24ஆம் உறுப்புரை சிங்களமும் தமிழும் நாடு முழுக்க நீதிமன்ற மொழி எண்டு சொல்லுது, ஆனா தமிழ் நிர்வாக மொழியா இருக்கிற இடங்களைத் தவிர மற்ற இடத்தில கோட்டு நடத்துறது சிங்களத்தில எண்டும் அதே உறுப்புரைதான் சொல்லுது. விளங்காத ஆளுக்கு மொழிபெயர்ப்புக் கேக்க உரிமை இருக்கு, கோட்டு மொழிபெயர்ப்பாளர், நாங்கள் முதலியார் எண்டு சொல்லுறவர், எழும்பிச் சொல்லுவார். ஆனா நாளாந்தம் நூறு கேஸ் கோல் பண்ணுற நீதவான் கோட்டில ஒரு கேஸுக்குக் கிடைக்கிறது ரெண்டு நிமிசம், அதில ஆர் ஆருக்கு என்ன மொழிபெயர்க்கிறது?

2014 எண்டு நினைக்கிறன், மட்டக்குளியில இருந்து ஒரு அம்மா வந்தவ. மகனைப் பிடிச்சு விளக்கமறியலில வைச்சிருந்தவை. ஏற்கனவே ஒரு சட்டத்தரணி நிண்டவர், காசும் குடுத்தாச்சு. போன தவணையில என்ன நடந்தது எண்டு கேக்கிறன், அம்மாவுக்குத் தெரியேல்ல. "ஐயா வெளியில வந்து அடுத்த தவணை எப்ப எண்டு மட்டும் சொல்லிப் போட்டு மற்றக் கோட்டுக்குப் போயிட்டார் பிள்ளை" எண்டா. நான் போய் ஃபைலை எடுத்துப் பாத்தா, பிணை குடுத்து ஒன்பது நாளாச்சு! ரெண்டு பேர் சரீரப் பிணை நிக்க வேணும், கிராம சேவகரிட்ட கடிதம் எடுத்துக்கொண்டு வர வேணும், அவ்வளவுதான். மனிசிக்கு அது ஒருதரும் சொல்லேல்ல, சொல்லியிருந்தாலும் சிங்களத்தில சொல்லியிருப்பினம். ஒன்பது நாள் ஒரு பிள்ளை சும்மா உள்ளுக்க கிடந்திருக்கிறான். அடுத்த நாள் மாமனையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தவ, பின்னேரம் மகன் வெளியில.

நான் அதில சட்டம் ஒண்டும் பேசேல்ல. ஒரு ஃபைலை வாசிச்சு, அதில இருக்கிறதை ஒரு அம்மாவுக்கு விளங்கிற தமிழில சொன்னனான். அண்டையில இருந்து எனக்கு ஒரு பழக்கம், ஒவ்வொரு தவணை முடியவும் கோட்டு வாசலில நிண்டே ஒரு துண்டுக் கடதாசியில தமிழில மூண்டு வரி எழுதிக் குடுப்பன்: இண்டைக்கு என்ன நடந்தது, அடுத்த தவணை எப்ப, அதுக்குள்ள நீங்கள் என்ன கொண்டு வர வேணும். இப்ப வாட்ஸ்அப்பில வொய்ஸ் மெசேஜா போடுறன், ஒரு நிமிசம். என்னட்ட வாற ஆக்களில அரைவாசிப் பேர் இந்தத் துண்டாலதான் வந்தவை. என்னை விடச் சட்டம் தெரிஞ்ச ஆக்கள் புதுக்கடையில ஆயிரம் பேர் இருக்கினம், எனக்கு அதில சந்தேகமே இல்லை. அதால ஐயா, உங்கட மகளுக்குச் சிங்களம் வடிவா வராட்டி றூமுக்கு முதல் அதுக்குச் செலவழியுங்கோ. நான் பட்ட பாடு எனக்குத் தெரியும், முதல் வருசம் ஒருக்கா நீதவான் கேட்ட சாதாரணக் கேள்விக்கு மறுமொழி சிங்களத்தில வராம நிண்டு, பின்னுக்கு இருந்தவை சிரிச்சது இப்பவும் காதில கேக்குது. தமிழும் அப்பிடித்தான், இங்கிலீஷில படிச்ச பிள்ளையள் சிலர் ஒரு வயசுபோன ஆளுக்கு "ஈடு" (காணியை வைச்சுக் கடன் எடுக்கிறது) எண்டா என்ன எண்டு தமிழில விளங்கப்படுத்த மாட்டினம். சட்டக் கல்லூரியில இங்கிலீஷ் மட்டும்தான் எண்டு ஒரு விதி கொண்டுவந்து 2023ல பார்லிமென்ட் அதைத் தோற்கடிச்சது ஞாபகம் இருக்கும். அந்த வாக்குவாதத்தில ரெண்டு பக்கத்திலயும் நியாயம் இருந்தது, ஆனா மட்டக்குளி அம்மா மாதிரி ஆக்களைப் பற்றி ஆரும் கதைச்ச மாதிரி நான் கேக்கேல்ல.

காசுக் கதைக்கு வாறன். எங்கட ஆக்களுக்கு இதுதான் வாயில வராது. டொக்டரிட்ட போனா நம்பர் எடுக்கேக்கயே காசு கட்டுற அதே ஆள், எங்களிட்ட வந்து ரெண்டு மணித்தியாலம் கதைச்சுப் போட்டு "சரி பிள்ளை பேந்து பாப்பம்" எண்டு எழும்பிப் போவார். கலியாண வீட்டில சோத்துக் கோப்பையோட பக்கத்தில வந்து குந்தி மச்சாளின்ர சீதனக் காணிக் கதையைத் தொடங்குவினம். சொந்தக்காரர் எண்டா ஃப்ரீ, சொந்தக்காரற்ற பக்கத்து வீட்டுக்காரரும் ஃப்ரீ. நான் முதல் ரெண்டு வருசமும் வாயைத் திறந்து காசு கேக்க வெக்கப்பட்டு எவ்வளவை விட்டிருப்பன் எண்டு கணக்குப் பாக்கவே விருப்பமில்லை.

காசில்லாம நிக்கிறது பிழையெண்டு சொல்லேல்ல. 2022ல மிரிஹானவில ஜனாதிபதியின்ர வீட்டடியில நடந்த ஆர்ப்பாட்டத்துக்கு அடுத்த நாள், பிடிபட்ட ஆக்களுக்காக கங்கொடவில கோட்டுக்கு நூற்றுக்கணக்கில சட்டத்தரணிமார் தாங்களாப் போய்ச் சும்மா நிண்டவை, அது அவை விரும்பிச் செய்தது. காசு வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்து வராம விடுறது வேற. உண்மையில காசில்லாத ஆள் எண்டா நான் முதல் நாளே சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிடுவன், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது அது, அதுக்கெண்டே இருக்கிற இடம். அரைகுறையா நிண்டு அந்த ஆளின்ர கேஸையும் கெடுத்து என்ர மனத்தையும் கெடுக்கிறதை விட அது நல்லம்.

இதில எங்கட தொழிலின்ர ஒரு வெக்கக்கேடும் இருக்கு, எழுதினா கூட இருக்கிறவை கோவிப்பினம், பரவாயில்லை. தவணைக்கு இவ்வளவு எண்டு காசு வாங்கிற முறையில தவணை தள்ளத் தள்ளச் சட்டத்தரணிக்கு லாபம். சனம் "இவங்கள்தான் கேஸை இழுக்கிறாங்கள்" எண்டு ஏசுறதில முழுக்கப் பொய்யில்லை. நான் 2016 அளவில மாத்திட்டன். சிவில் கேஸ் எண்டா பிளெயின்ட் (வழக்கு மனு) போடுற வரைக்கும் இவ்வளவு, எதிர்ப்பக்கம் ஆன்ஸர் (மறுமொழி) போட்டு ட்ரையலுக்கு வாற வரைக்கும் இவ்வளவு, ட்ரையல் முடியுமட்டும் இவ்வளவு எண்டு கட்டம் கட்டமாப் பிரிச்சு, முதல் நாளே ஒரு தாளில தமிழில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைப்பம். தவணை தள்ளிப் போனா எனக்குத்தான் நட்டம், அதால நான் தள்ள விட மாட்டன். இது எல்லாக் கேஸுக்கும் சரிவராது, நீதவான் கோட்டு வேலைக்கு இப்பவும் நாள் கணக்குத்தான் எடுக்கிறன். ஆனா கையெழுத்து வைச்ச தாளிருந்தா காசு கேக்கிறதுக்குக் கூச்சம் போயிடும், அந்தத் தாள்தான் கேக்குது, நான் இல்லை.

இனி எழுதிறது நான் செய்த ஒரு பிழை. அம்மாவுக்கே இண்டைக்கு வரைக்கும் தெரியாது.

தனிய தொழில் செய்யிற ஆளுக்கு மாச வாடகை வாறது நொத்தாரிசு வேலையில இருந்துதான், அதாவது சொத்துப் பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்திறது, காணி உறுதி, நன்கொடை உறுதி, ஈடு எண்டு. காணி விக்கிற உறுதிக்கு முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஐம்பது லட்சத்துக் காணி எண்டா 1,99,000 ரூபா. அந்தக் காசைக் காணி வாங்கிற ஆள் உறுதி முடிக்க முதல் கொண்டுவந்து எங்கட கையில தருவார், நாங்கள் வங்கியில கட்ட வேணும். மூண்டாவது வருசம், ஒரு வத்தளைக் காணி, அந்தக் காசு என்ர சொந்தக் கணக்குக்குள்ளயே கிடந்தது, அப்ப எனக்கு ஒரு கணக்குத்தான். மாச முடிவு, வாடகையும் கிளாக்கின்ர சம்பளமும் குடுக்க வேணும், இன்னொரு கேஸ் காசு வெள்ளிக்கிழமை வாறதெண்டு அந்த ஆள் சத்தியம் பண்ணியிருந்தார், அதால இதில இருந்து கொஞ்சம் எடுத்திட்டன். வெள்ளிக்கிழமை வந்தது, காசு வரேல்ல. உறுதி முடிக்கிற நாள் செவ்வாய். சனிக்கிழமை காலையில காலி வீதியில ஒரு அடைவு கடைக்குப் போய் என்ர ரெண்டு காப்பையும் கழட்டி வைச்சனான், அம்மா கேட்டதுக்கு குளிக்கேக்க இறுக்குது எண்டு சொன்னன். செவ்வாய் உறுதி முடிஞ்சது, வாங்கின ஆளுக்கும் விளங்கேல்ல, வித்த ஆளுக்கும் விளங்கேல்ல. ஆனா அந்த மூண்டு நாளும் நான் நித்திரை கொள்ளேல்ல. அண்டைக்கு என்னட்ட காப்பு இல்லாட்டி? கட்சிக்காரற்ற காசில கை வைச்ச சட்டத்தரணி எண்டு உயர் நீதிமன்றத்துக்கு முறைப்பாடு போயிருக்கும், பெயரையே வெட்டி விடுவினம், அதுக்கு நியாயமும் இருந்திருக்கும். அடுத்த கிழமையே இன்னொரு வங்கியில கட்சிக்காரர் காசுக்கெண்டு மட்டும் தனிக் கணக்குத் திறந்தனான், அதுக்கு ஏடிஎம் கார்டும் எடுக்கேல்ல. உங்கட மகள் முதல் கட்சிக்காரரைச் சந்திக்க முதல் இந்த ரெண்டாவது கணக்கைத் திறக்கட்டும். காப்பை மீட்டுட்டன், அது வேற.

நொத்தாரிசு வேலையில தலைக்கு மேல தொங்கிற இன்னொரு கத்தி, தேதி. ஒவ்வொரு மாசமும் முடிச்ச உறுதியளின்ர ரெண்டாம் பிரதியையும் பட்டியலையும் அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேணும், மூலம் ஆளுக்கு, புரோட்டொகோல் எண்ட எங்கட பிரதி எங்களிட்ட. ஒரு உறுதியும் முடிக்காத மாசத்தில பேசாம இருக்கலாம் எண்டு நினைக்கிறவை இருக்கினம், அதையும் கேட்டுத் தெரிஞ்சுகொள்ளச் சொல்லுங்கோ.

வெளிநாட்டுக் கட்சிக்காரர் எண்டது கொழும்புத் தமிழ்ச் சட்டத்தரணிக்குத் தனி உலகம். ரொறன்ரோவில பின்னேரம் எண்டா எங்களுக்கு நடுச்சாமம், போன் அடிக்கும், "அக்கா ஊரில காணி ஒண்டு கிடக்கு, கெதியா வித்துத் தாங்கோ, அற்றோணித் தத்துவம் அனுப்புறன்" எண்டு, தனக்குப் பதிலாக் கையெழுத்து வைக்க இன்னொரு ஆளுக்குக் குடுக்கிற பத்திரம் அது. கெதியா ஒண்டும் நடக்காது. யாழ்ப்பாணத்துக் காணி எண்டா தேசவழமை இருக்கு, யாழ்ப்பாணத் தமிழற்ற பழைய வழக்கச் சட்டம். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர சொந்த அசையாச் சொத்தை உயிரோட இருக்கேக்க விக்கிறதெண்டாலும் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். என்னட்ட ஒரு அக்கா வந்தவ, தாய் குடுத்த வீடு, புருசன் விட்டிட்டுப் போய்ப் பதினோரு வருசம், எங்க இருக்கிறார் எண்டே தெரியாது, அந்த ஆளின்ர கையெழுத்து வேணுமெண்டு நான் சொல்ல அவ என்னைத்தான் ஏசினவ. நானும் ஒரு பொம்பிளை, இந்தச் சட்டம் எனக்குப் பிடிக்குமெண்டோ நினைக்கிறியள்? ஆனா புருசன் கைவிட்டிட்டுப் போன இடத்தில மாவட்ட நீதிமன்றத்தில அனுமதி கேக்க அதே சட்டத்திலயே வழி இருக்கு, போட்டம், கிடைச்சது, வீடும் வித்தாச்சு. கொழும்பில இருந்து தொழில் செய்யிற ஆள் தேசவழமை எனக்கென்னத்துக்கு எண்டு விட ஏலாது, வெள்ளவத்தையில இருக்கிற சனத்தில அரைவாசிப் பேற்ற காணி அங்கதான் கிடக்கு. ஒண்டு மட்டும், நடுச்சாமப் போனை எடுக்காதேங்கோ, காலம 6 மணியில இருந்து 8 மணிக்குள்ள கதையுங்கோ எண்டு முதல் மெசேஜிலேயே சொல்லிப் போட வேணும், நான் அதைப் பழக எட்டு வருசம் எடுத்தது.

இப்ப தனிய இருக்கிறதில உண்மையான பயம். 2017 டெங்கு ஞாபகம் இருக்கும், நாடு முழுக்க ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு வந்த வருசம், எனக்கும் வந்தது. பிளேட்லெட் இறங்கி ஒன்பது நாள் வார்ட்டில, பிறகு வீட்டில ரெண்டு கிழமை எழும்ப ஏலாது. அந்த மூண்டு கிழமையில எனக்குப் பதினாலு தவணை. டயறியில தேதியும் கோட்டு நம்பரும் மட்டும்தான் இருந்தது, எந்தக் கேஸ் எந்த நிலையில நிக்குது, ஆர் சாட்சி, என்ன கடதாசி போடக் கிடக்கு எண்டதெல்லாம் என்ர மண்டைக்குள்ள, மண்டை 103 டிகிரியில. அறையில மற்ற மேசைக்காரர் ரெண்டு பேரும்தான் ஓடித் திரிஞ்சவை, ஒருத்தர் வார்ட்டுக்கு வந்து நேர்ஸம்மா ஏச ஏச என்னட்டக் கேட்டு எழுதிக்கொண்டு போவார். ஒரு கேஸில ஆன்ஸர் போடுற தவணை தவறிப் போட்டுது, பேந்து மோஷன் போட்டு விளங்கப்படுத்திச் சரிக்கட்டினது. இப்ப ஒவ்வொரு ஃபைலின்ர முன் மட்டையிலயும் ஒரு தாள் ஒட்டியிருக்கு, கடைசித் தவணையில நடந்தது, அடுத்ததா செய்ய வேண்டியது, கட்சிக்காரற்ற போன் நம்பர், எல்லாம் அதில. டயறி ரெண்டு, ஒண்டு கையில, ஒண்டு கூகிள் கலண்டரில, அதை மற்ற ரெண்டு மேசையும் பாக்கலாம். நாங்கள் மூண்டு பேரும் ஆளுக்காள் நிப்பம், அதுக்குக் கணக்குப் பாக்கிறதில்லை. ரெண்டு கோட்டில ஒரே நேரத்தில கோல் வாற நாள் கிழமைக்கு ஒண்டாவது இருக்கும், அண்டைக்கு இப்பிடி ஒரு ஆள் இல்லாட்டித் தனியத் தொழில் செய்ய ஏலாது. பழக்கமான ரெண்டு பேரைச் சம்பாதிக்கத்தான் ரெண்டு மூண்டு வருசம் ஜூனியரா நில்லுங்கோ எண்டுறது.

2020 மார்ச்சில கோட்டு எல்லாம் பூட்டினது. சம்பளக்காரருக்கு மாச முடிவில ஏதோ வந்தது, எங்களுக்கு ஒரு சதமும் இல்லை. ஐயா, சேமலாபக் காசை எடுக்கிறதெண்டே முடிவெண்டா, அதை மகளின்ர பெயரில போட்டு வையுங்கோ, கேஸே வராட்டியும் ஆறேழு மாசம் தாங்கிற மாதிரி.

பெயர்ப் பலகை பற்றியும் ஒரு சொல்லு. 1988ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற ஒழுக்க விதிகளின்படி சட்டத்தரணி தன்னை விளம்பரப்படுத்தக் கூடாது, ஆள் விட்டுக் கேஸ் பிடிக்கவும் கூடாது. ஃபேஸ்புக்கில படம் போட்டு "விவாகரத்தா? உடனே அழையுங்கள்" எண்டு போடுற புதுப் பிள்ளையளைப் பாக்க எனக்குப் பயமாக் கிடக்கு. கோட்டு வாசலில நிண்டு "அக்கா லோயர் வேணுமோ" எண்டு கேக்கிற புரோக்கர்மார் உங்கட மகளிட்டயும் வருவினம், புதுமுகம் எண்டா முதல் நாளே மணந்து பிடிப்பாங்கள். ஒரு கேஸ் அவங்களிட்ட வாங்கினா பிறகு அவங்களுக்குத்தான் வேலை செய்ய வேணும்.

வரி, சுருக்கமா. டின் நம்பர் (வரி அடையாள இலக்கம்) எடுக்கட்டும், வருமானம் வருசத்துக்கு 18 லட்சம் தாண்டினா வரி, 2025 ஏப்ரல் கணக்கு அது, ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே எண்டு நாலு தரம் 15ஆம் தேதியில கட்ட வேணும். வாற காசில ஒரு பங்கை வந்த அண்டைக்கே ஒதுக்காட்டி மே மாசம் அழ வேணும். நான் ஒருக்கா அழுதனான்.

இவ்வளவும் எழுதினதைப் பாத்து, அப்ப ஏன் நீ இன்னும் தனிய இருக்கிறாய், ஏதும் கொம்பனியில லீகல் ஒஃபீசரா போகலாமே எண்டு கேப்பியள். கேட்டவை, அம்மாவும் கேட்டவ, கலியாணம் பேசி வந்த ரெண்டு இடத்திலயும் கேட்டவை. ஒருக்காப் போய் இன்டவியூவும் குடுத்தனான். ஏசி நல்லா இருந்தது. திரும்பி வரேக்க அந்த மட்டக்குளி அம்மாட்ட இருந்து கோல், மகனுக்குக் கலியாணம், சீதன உறுதி எழுத வேணுமாம், பிள்ளைதான் எழுதித் தர வேணும் எண்டா. அந்த வேலைக்கு நான் பேந்து போகேல்ல.

மகளைக் கண்ணாடி மேசைக்கு முதல் ஒருக்கா எங்கட அறைக்கு அனுப்புங்கோ எண்டு சொல்ல ஆசைதான், ஆனா பெயரும் விலாசமும் போட்டு எழுதினா அதுவே விளம்பரமாப் போயிடும், மேல நானே சொன்ன விதிதான். ஆசிரியரிட்ட என்ர நம்பர் இருக்கு, கேட்டு எடுங்கோ, வார நாளில நாலு மணிக்குப் பிறகு எண்டா நல்லம். மூண்டு மேசைக்காரரில ஒருத்தர் தை மாசம் அவுஸ்திரேலியாவுக்குப் போறார், ஒரு மேசை காலியாகுது. இப்ப ராத்திரி பதினொண்டரை, நாளைக்கு மாவட்ட நீதிமன்றத்திலயும் மேல் நீதிமன்றத்திலயும் ஒரே நேரத்தில கோல் இருக்கு, பக்கத்து மேசைக்கு ஃபைலை ஆயத்தப்படுத்திக் குடுக்க வேணும், இதோட நிப்பாட்டுறன்.

இப்படிக்கு,
ஒரு பெண் சட்டத்தரணி,
வெள்ளவத்தை, கொழும்பு 06